அறுந்துபோன கியர் ஒயரும் 19 இழைகளும்

கியர் சைக்கிளில் எது முதலில் காலை வாரும் என்று கேட்டால் சிலர் டயர் என்பார்கள், சிலர் செயின் என்பார்கள். ஹேண்டில்பாரிலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற ஒயரை யாரும் சொல்ல மாட்டார்கள். அதன் தடிமன் வெறும் 1.2 மில்லிமீட்டர். சாக்கு தைக்கும் ஊசியைவிட மெல்லியது. ஒழுங்காக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அறுந்துவிட்டால், 22 கியர் சைக்கிளில் மிஞ்சுவது இரண்டே கியர்.

சேலத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்தும் வாத்தியார் ஒருவருக்கு அந்த ஒயர் அறுந்தது, ஏற்காடு மலைப்பாதையில்.

12-வது வளைவு

அவருக்கு 52 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் முழங்கால் வலித்தது. "அப்ப சைக்கிள் ஓட்டுங்க சார். முட்டிக்குப் பாரம் குறையும்" என்றார் அதே டாக்டர். பள்ளிக்கூடம் போய்வர ஒரு சாதாரண சைக்கிளில் ஆரம்பித்தவர், இரண்டாவது ஆண்டில் ஒரு ரோடு பைக்கைப் பழைய விலைக்கு வாங்கினார். வளைந்த ஹேண்டில்பார், மெலிந்த டயர், முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் பதினொன்று. வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "ஸ்டாண்டுகூட இல்லாத சைக்கிளுக்கு இவ்ளோ காசா?" என்று கேட்டார் மனைவி.

ஆனால், பலன் தெரிந்தது. சர்க்கரை இறங்கியது, தூக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் கோரிமேடு தாண்டி அடிவாரம் போய், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே ஒரு டீ குடித்துவிட்டு இறங்குவது அவருடைய வாரத்தில் மாறாத ஒன்றாகிவிட்டது.

அன்றைக்கும் அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தார். 12-வது வளைவில் ஏற்றம் கூடுகிற இடம். லேசான கியருக்கு மாற்ற வலதுகை லீவரை உள்பக்கமாக அழுத்தினார். 'டப்' என்று ஒரு சத்தம். லீவர் எந்தப் பிடிப்பும் இல்லாமல் ஆடியது. பின்னால் செயின் கடகடவென்று இறங்கி, இருப்பதிலேயே சின்னப் பல்சக்கரத்தில் போய் உட்கார்ந்தது. அடுத்த மிதி மிதிக்கக் கால் வரவில்லை. சைக்கிள் நின்றே விட்டது.

அந்த இடத்தில் கணக்கு எளிது. முன்சக்கரத்தில் 34 பல். பின்னால் ஏற்றத்துக்கான பெரிய பல்சக்கரத்தில் 32 பல், கடைசியில் இருக்கும் சின்னதில் 11 பல். 34-ஐ 32-ஆல் வகுத்தால் ஒன்றுக்குச் சற்று மேல். பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் சுமார் 2.2 மீட்டர் நகரும். 34-ஐ 11-ஆல் வகுத்தால் மூன்றுக்கு மேல். ஒரே சுற்றில் 6.5 மீட்டர். அதாவது, கால் கொடுக்க வேண்டிய விசை ஏறக்குறைய மூன்று மடங்கு. சமதளத்தில் அது நல்ல கியர். மலையில் அது பூட்டு.

பிரேக்குக்குத் தனி ஒயர் என்பதால் இறங்குவதில் ஆபத்து இல்லை. அவர் ஒயரின் தளர்ந்த பகுதி சக்கரத்தில் மாட்டாதபடி சுருட்டிக் கட்டிவிட்டு, சைக்கிளைத் திருப்பி மெதுவாக இறங்கினார்.

இதே நிலைமையில் ஏற்றம் பாக்கி இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பின்சக்கரத்துக்கு அருகே, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவிக்கு 'டீரெய்லர்' என்று பெயர். அதில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். ஒன்றில் 'ஹெச்' என்ற எழுத்து இருக்கும். அந்தத் திருகை உள்ளே முடுக்கினால் டீரெய்லர் கொஞ்சம் உள்பக்கம் நகர்ந்து, கடைசிப் பல்சக்கரத்துக்குப் பதில் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ செயினை நிறுத்தும். வீடு வந்து சேர அது போதும். எத்தனை சுற்று முடுக்கினோம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பிறகு அதே அளவு தளர்த்த வேண்டும்.

ஒயர் செய்யும் வேலை

டூ வீலர் ஓட்டும் எல்லோருக்கும் க்ளட்ச் ஒயரைத் தெரியும். கியர் ஒயரும் அதே குடும்பம்தான். வெளியே ஒரு உறைக்குழாய், உள்ளே வழுக்கி ஓடும் ஒயர். எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் என்பவர் 1896-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதனால் இன்றும் இதற்கு பௌடன் கேபிள் என்றே பெயர். கயிற்றை நேராகத்தான் இழுக்க முடியும். உறைக்குள் ஓடும் ஒயரை வளைத்து, நெளித்து, எந்த மூலைக்கும் கொண்டுபோய் இழுக்கலாம்.

வாத்தியாருடைய அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிள்களில் இந்தக் கவலையே இல்லை. அவற்றில் பிரேக்குக்கும் இரும்புக் கம்பிகள்தான். ஒரு தலைமுறை ஓட்டினாலும் அவை அறுவது அபூர்வம். ஆனால் அதில் கியரும் இல்லை, ஏற்காடு ஏறுவதும் இல்லை.

கியர் ஒயரின் நுனியில் மிளகைவிடச் சிறிய, உருளை வடிவ உலோகத் துண்டு ஒன்று இருக்கும். அதுதான் ஒயரின் 'தலை'. லீவருக்குள் இருக்கும் சின்ன உருளையில் இந்தத் தலை உட்கார்ந்துகொள்ளும். லீவரை ஒரு 'க்ளிக்' அழுத்தினால் உருளை கொஞ்சம் சுழன்று ஒயரை இழுக்கும். எவ்வளவு? 11 கியர் ரோடு பைக்கில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. பதினொரு பல்சக்கரங்களையும் கடக்க ஒயர் நகரும் மொத்தத் தூரமே 3 சென்டிமீட்டரைத் தொடாது. அந்தத் துல்லியத்தில்தான் செயின் சரியாகப் பல் மாறுகிறது. ஒயர் ஒரு மில்லிமீட்டர் தொய்ந்தாலும் செயின் எந்தப் பல்லில் உட்காருவது என்று தெரியாமல் தடுமாறும்.

ஒயர் ஏன் அறுகிறது என்பதற்கும் அங்கேதான் விடை. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் தலைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் ஒயர் வளைகிறது, நிமிர்கிறது. மெல்லிய கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். வெளியே பளபளப்பாகத் தெரியும் ஒயர், லீவருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சென்டிமீட்டரில் செத்துக்கொண்டிருக்கும். அதிலும் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போதுதான் ஒயரில் இழுவிசை அதிகம். அதனால்தான் அது பெரும்பாலும் ஏற்றத்தில், மிகவும் தேவைப்படும் நேரத்தில் அறுகிறது.

"லீவரையே மாத்தணும் சார்"

மறுநாள் மாலை சைக்கிளை ஒரு ஷோரூமுக்குக் கொண்டுபோனார். அதே இடத்தில் இரண்டு வாரத்துக்கு முன்பும் காட்டியிருந்தார். கியர் சரியாக விழவில்லை, தானாகத் தாவுகிறது என்று. அப்போது அட்ஜஸ்டரை அரைச் சுற்று முடுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழையபடி தாவியது.

இந்த முறை மெக்கானிக் பையன் லீவரின் ரப்பர் உறையைச் சுருட்டிப் பார்த்தான். டார்ச் அடித்தான். நாலைந்து முறை லீவரைத் தட்டினான். கரகரவென்று சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்று லீவர் இறுகிக்கொண்டது.

"ஒயர் உள்ள பிரிஞ்சு பல்லுல மாட்டிக்கிச்சு சார். எடுக்க வராது. லீவரையே மாத்தணும்."

"எவ்வளவு ஆகும்?"

"ஜோடியாத்தான் வரும் சார். பதினெட்டாயிரம் கிட்ட."

பையன் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அவனுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டு சைக்கிள்கள் காத்திருந்தன. ஒரு லீவருக்குள் ஒரு மணி நேரம் குனிந்து உட்கார அவனுக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

வீட்டில் அது ஜூன் மாதம். மகள் பிளஸ் டூ முடித்து இன்ஜினீயரிங் சேரும் நேரம். கல்லூரிக் கட்டணம், விடுதி, புத்தகம் என்று ஒரு தாளில் கூட்டல் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளில் ₹18,000-க்கு இடம் இல்லை.

"வித்துடலாம்னு பார்க்கறேன்" என்றார் இரவு சாப்பிடும்போது. "லீவர் போச்சுன்னு சொல்லியே குடுத்தா ஏதோ ஒரு விலை வரும்."

மனைவி உடனே பதில் சொல்லவில்லை. சைக்கிள் வாங்கியபோது முகம் சுளித்தவர் அவர்தான். ஆனால், நான்கு ஆண்டுகளாகப் பரிசோதனைச் சீட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பவரும் அவர்தான். "வித்துட்டு என்னங்க பண்ணுவீங்க? திரும்ப நடக்கப் போறேன்னு முட்டியைப் புடிச்சுட்டு உக்காரவா? ஒரு ஒயருக்காக சைக்கிளையே விக்கறதுன்னா எப்படி? வேற யாருகிட்டயாவது காட்டுங்க முதல்ல."

தலையைத் தேடணும்

தெருமுனையில் ஸ்கூட்டர் ரிப்பேர் செய்யும் பெரியவருக்கு ரோடு பைக் பற்றித் தெரியாது. ஆனால், ஒயர் பற்றித் தெரியும். சைக்கிளைக் கையில்கூட வாங்காமல் ஒரே கேள்வி கேட்டார்.

"தலை வந்துச்சா சார்?"

"எந்தத் தலை?"

"ஒயரோட தலைங்க. க்ளட்ச் ஒயர் கட்டானா நாங்க முதல்ல தலையைத்தான் தேடுவோம். தலை வெளிய வந்தாத்தான் புது ஒயர் உள்ள போகும். லீவர் கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா? உள்ள குப்பை இருக்கு. குப்பையை எடுத்தா லீவர் பழையபடி ஆடும்."

அவரிடம் இருந்த நோஸ் பிளேயரின் முனை லீவரின் துவாரத்துக்குள் நுழையவில்லை. இன்னும் மெல்லியதாக ஏதாவது வேண்டும் என்றார். வாத்தியாருக்கு அப்போதுதான் எதிர்வீடு நினைவுக்கு வந்தது.

சேலத்துக் கொலுசுக்கு ஊரெங்கும் பெயர். அந்தக் கொலுசுகள் பெரிய தொழிற்சாலையில் பிறப்பதில்லை. சந்துகளில், வீட்டுத் திண்ணைகளில், சின்னப் பட்டறைகளில் உருவாகின்றன. வாத்தியாரின் எதிர்வீட்டிலும் ஒரு பட்டறை. அங்கே இருப்பவர் வெள்ளி வளையத்தோடு வளையம் கோத்து, பொடி வைத்து ஊதி, 40 ஆண்டுகளாகக் கொலுசு செய்கிறவர். அவருடைய கையில் எப்போதும் ஒரு சாமணம் இருக்கும். எறும்பின் காலைக்கூடப் பிடித்துத் தூக்கிவிடும் அளவுக்கு அதன் முனை மெல்லியது.

"அண்ணே, அந்தச் சாமணத்தைக் கொஞ்சம் தர்றீங்களா?"

"எதுக்குங்க சார்?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் சாமணத்தைத் தரவில்லை. அதை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பி வந்தார். "உங்க கைக்கு அது பழகாதுங்க. நான் பாக்கறேன், நீங்க டார்ச் அடிங்க."

17 கூட்டல் 2

லீவரைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. கியர் லீவர் எந்த நிலையில் இருந்தாலும் ஒயரின் தலை வெளியே வந்துவிடாது. உருளை முழுவதும் தளர்ந்து, கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்கான நிலையில் நிற்கும்போதுதான் தலையும் வெளித் துவாரமும் நேருக்கு நேர் வரும். அதற்கு, விடுவிக்கும் சின்ன லீவரைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். ஆனால், உள்ளே இழைகள் சிக்கியிருக்கும்போது பலமாகத் தட்டினால் அவை பல்லுக்குள் இன்னும் ஆழமாகப் போய் இறுகும். ஷோரூமில் நடந்தது அதுதான்.

எனவே முதலில் இழைகளை எடுக்க வேண்டும், அப்புறம்தான் தட்ட வேண்டும்.

கொலுசுக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ரப்பர் உறையை முழுவதும் சுருட்டி, துவாரத்தை மூடியிருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே பார்த்தால், தேங்காய் நார் அடைத்த மாதிரி இரும்பு நார்கள். சாமணத்தை நுழைத்து, ஒரு இழையின் நுனியைப் பிடித்து, இழுக்காமல் மெல்ல அசைத்தார். எந்தப் பக்கம் அசைந்து கொடுக்கிறதோ அந்தப் பக்கம் நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் இழைகள் பல்லிலிருந்து விடுபட்டு ஒருபக்கமாக ஒதுங்கின.

"இப்பத் தட்டுங்க சார். மெதுவா."

தட்டினார். ஒரு க்ளிக். இன்னொன்று. ஏழாவது, எட்டாவது. பத்தாவது க்ளிக்கில் துவாரத்தின் வாயில் மங்கலாக ஒரு உலோகப் பொட்டு தெரிந்தது. சாமணம் உள்ளே போய், அதைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. தலை. அதோடு ஒட்டிக்கொண்டு பிரிபிரியாகக் கொஞ்சம் இழைகள்.

வாத்தியார் புது ஒயரைக் கையில் எடுத்துவிட்டார். மகள்தான் தடுத்தாள்.

"இருப்பா. எல்லாம் வந்துடுச்சான்னு எப்படித் தெரியும்?"

கணக்கு வாத்தியாரின் மகள் கேட்கக்கூடிய கேள்விதான். அவளே விடையும் தேடினாள். பின்சக்கரப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த பழைய ஒயரின் நல்ல முனையைப் பிரித்து, ஒவ்வொரு இழையாக விரித்தாள். நடுவில் ஒன்று. அதைச் சுற்றி ஆறு. அந்த ஆறைச் சுற்றிப் பன்னிரண்டு. மொத்தம் 19. கியர் ஒயர்களைப் பெரும்பாலும் இப்படித்தான் முறுக்குகிறார்கள்.

இப்போது தலையோடு வந்த இழைகளை எண்ணினாள். குத்தும் என்பதால் ஊசியால் பிரித்துப் பிரித்து எண்ணினாள். ஒரு தடவை 17 வந்தது. அப்பா எண்ணினார், 17. கொலுசுக்காரரும் எண்ணினார்.

"ரெண்டு உள்ள இருக்குங்க சார்" என்றார்.

அந்த இரண்டையும் விட்டுவிட்டுப் புது ஒயரைப் போட்டிருந்தால், அது ஒரு வாரம் ஓடியிருக்கும். பிறகு ஏதோ ஒரு ஏற்றத்தில் அந்தத் துண்டு பல்லுக்கு நடுவே புகுந்து லீவரை உண்மையிலேயே கெடுத்திருக்கும்.

ஒரு துண்டு சீக்கிரம் கிடைத்தது. இரண்டாவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினார்கள். லீவரைச் சாய்த்து வைத்து, பஞ்சர் கடையில் காற்றடிக்கும் பம்பால் ஊதினார்கள். மனைவி காபி கொண்டுவந்து வைத்தார், அது ஆறியது. கடைசியில் விரித்திருந்த வெள்ளை வேட்டியில், நகம் வெட்டிப் போட்டது போல வளைந்த ஒரு சிறு துண்டு விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தது மனைவிதான்.

ஒரே இழை இரண்டு இடத்தில் உடைந்திருக்கவும் கூடும் என்பதால் எண்ணிக்கை மட்டும் போதாது. லீவரை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை அழுத்திப் பார்த்தார்கள். கரகரப்பு இல்லை. ஒவ்வொரு க்ளிக்கும் தனித்தனியாக, சுத்தமாகக் கேட்டது.

கொலுசுக்காரர் காசு வாங்கவில்லை. "எம் பேத்திக்குக் கணக்கு வரமாட்டேங்குதுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குழந்தை இப்போது செவ்வாயும் வியாழனும் மாலையில் எதிர்வீட்டுக்கு நோட்டோடு வருகிறது.

புது ஒயர் மாட்டும் முறை

தலை வெளியே வந்த பிறகு மீதி வேலை அரை மணி நேரம்தான். புது ஒயரின் விலை இருநூறு சொச்சம் ரூபாய். வாங்கும்போது 'கியர் ஒயர்' என்று கேட்டு வாங்க வேண்டும். பிரேக் ஒயர் இதைவிடத் தடிமனானது, அதன் தலையும் பெரியது. உறைக்குழாயும் வேறு வேறு. கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் உறையில் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் உறையை பிரேக்குக்குப் போட்டால் அழுத்தம் தாங்காமல் பிளந்துவிடக்கூடும். இதில் சிக்கனம் வேண்டாம்.

ஒயர் சட்டத்துக்கு வெளியே ஓடும் சைக்கிள் என்றால் பழையதை உருவிப் போட்டுவிடலாம். சட்டத்துக்கு உள்ளே ஓடும் மாடல் என்றால் அவசரப்பட்டு உருவக் கூடாது. பழைய ஒயரின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, அது மறுமுனையில் வந்த பிறகே ஒயரை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ஒயர் வழி தெரியாமல் சட்டத்துக்குள் அலையும்.

லீவர் கடைசிச் சின்னப் பல்சக்கர நிலையிலேயே இருக்க, புது ஒயரைத் துவாரத்தில் நுழைத்துத் தள்ள வேண்டும். தலை உருளையில் போய் 'டக்'கென்று உட்காரும். அங்கிருந்து உறை, சட்டத்தின் அடிப்பக்கம், மறுபடி உறை, கடைசியில் டீரெய்லர். டீரெய்லரில் உள்ள அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே திருகி, ஒன்றிரண்டு சுற்று வெளியே விட வேண்டும். பிறகு ஒயரைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, ஆலன் கீயால் போல்ட்டை முடுக்க வேண்டும். மூன்று நான்கு சென்டிமீட்டர் மிச்சம் விட்டு, கூர்மையான கட்டரால் ஒரே வெட்டு. வெட்டிய முனையில் சின்ன மூடி போட்டு நசுக்கிவிட வேண்டும். மூடி இல்லாத முனை ஒரே வாரத்தில் பிரிந்து விரலைக் குத்தும். வெட்டும்போது துண்டு தெறிக்கும், கண் பத்திரம்.

கடைசியில் சரிபார்ப்பு. பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றிக்கொண்டே ஒரு க்ளிக். செயின் அடுத்த பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் அட்ஜஸ்டரை இடப்பக்கமாகக் கால் சுற்று. ஒன்றைத் தாண்டி ஏறப் பார்த்தாலோ, அடுத்த பல்லில் உரசினாலோ வலப்பக்கமாகக் கால் சுற்று. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் சத்தம் அடங்கிவிடும். 'ஹெச்' என்ற அந்தத் திருகை வழியில் முடுக்கியிருந்தால் தவிர, அதைத் தொட வேண்டியதில்லை. ஒயர் மாறியதால் அதன் அளவு மாறாது.

வாத்தியார் வீட்டில் இதெல்லாம் முடிந்தபோது இரவு ஒன்பதரை.

1913-ல் ஒரு கொல்லன் பட்டறை

தன் சைக்கிளைத் தானே பழுது பார்ப்பது ஒரு காலத்தில் பந்தயத்தின் சட்டமாகவே இருந்தது. 1913 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், பிரனீஸ் மலைத்தொடரின் துர்மலே கணவாய்ப் பகுதியில் யூஜின் கிறிஸ்தோஃப் என்ற வீரரின் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்தது. பிறர் உதவி பெறக் கூடாது என்பது விதி. அவர் சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து இறங்கி, செந்த் மரி தெ கம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லன் பட்டறையை அடைந்தார். அங்கே இரும்பைக் காய்ச்சி, அடித்து, தன் ஃபோர்க்கைத் தானே ஒட்டினார். மணிக்கணக்கில் நேரம் போனது. போதாததற்கு, துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவினான் என்று அபராதமும் போட்டார்கள். அப்படியும் அவர் பந்தயத்தை விட்டு விலகவில்லை, ஏழாவதாக முடித்தார்.

அன்று அவருடைய சைக்கிளில் இன்றைய மாதிரி டீரெய்லர் கிடையாது. அந்தப் பந்தயத்தில் டீரெய்லரை அனுமதித்ததே 1937-ல்தான். ஒரு க்ளிக்குக்கு ஒரு கியர் என்று துல்லியமாக விழும் முறையை ஷிமானோ நிறுவனம் ரோடு பைக்குகளுக்குக் கொண்டுவந்தது 1984-ல். பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் சேர்ந்தது 1990 வாக்கில். வசதி கூடக் கூட, ஒயரின் முக்கியமான பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. பழைய சைக்கிளில் பழுது வெளியே தெரியும். இன்றைக்கு ரப்பர் உறையைச் சுருட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒயர் முன்கூட்டியே சொல்லும்

19 இழையும் ஒரே நேரத்தில் அறுவதில்லை. ஒன்று, இரண்டு, ஐந்து என்று வாரக்கணக்கில் அறுகின்றன. ஒவ்வொரு இழை போகும்போதும் மீதி இழைகள் கொஞ்சம் நீளும். அதனால் கியர் சரியாக விழாது. அட்ஜஸ்டரை முடுக்கினால் சரியாகும், இரண்டு நாளில் மறுபடி கெடும். இப்படி அடிக்கடி அட்ஜஸ்டரை முடுக்க வேண்டியிருந்தால், அது ஒயர் அனுப்பும் நோட்டீஸ். லீவர் கனமாக இருப்பது, சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கத் தாமதிப்பது, லீவருக்குள் லேசான கரகரப்பு ஆகியவையும் அதே நோட்டீஸ்தான். அந்தக் கட்டத்தில் ஒயரை மாற்றினால், தலையைத் தள்ளினாலே முழுசாக வெளியே வந்துவிடும். சாமணமும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம். தினமும் ஓட்டுபவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒயரை மாற்றிவிடுவது நல்லது.

வாத்தியார் இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் வாரத்தில் ஒயர் மாற்றுகிறார். இந்த ஆண்டு அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. அவருடைய பள்ளியில் பெரும்பாலான மாணவர்கள் பிளஸ் ஒன் வகுப்பில் அரசு தரும் இலவச சைக்கிளில்தான் வருகிறார்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடித்ததும் அவர் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பார். ஒயர் பிரேக் உள்ள சைக்கிள் ஒவ்வொன்றையும் மாணவர்களே பார்க்க வேண்டும்.

கியர் ஒயர் அறுந்தால் கால் வலிக்கும், அவ்வளவுதான். பிரேக் ஒயர் அறுந்தால் அப்படி இல்லை. பார்க்கும் முறை எளிது. எந்த வீட்டிலும் யாரும் செய்யலாம். பிரேக் லீவரை முழுவதும் அழுத்திப் பிடித்து, ஒயர் லீவருக்குள் நுழையும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அடுத்து, சக்கரத்தின் அருகே ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைப் பாருங்கள். ஒரே ஒரு இழை பிரிந்து நின்றாலும், துருப் பிடித்துச் சிவந்திருந்தாலும், லீவரை விட்டதும் அது தானாகத் திரும்பாவிட்டாலும், அன்றைக்கே மாற்றிவிடுங்கள். சாதாரண சைக்கிளின் பிரேக் ஒயரும் அதிக விலை இல்லை.

போன மாதம் 43 சைக்கிள்கள் பார்த்தார்கள். ஆறில் இழை பிரிந்திருந்தது. ஆறுக்கும் புது ஒயர் மாட்டியது மாணவர்கள்தான். வாத்தியார் பக்கத்தில் நின்று, வெட்டிப்போட்ட துண்டுகளை மட்டும் எண்ணி எடுத்துக் குப்பையில் போட்டார்.